தூங்குகிற இஞ்சி

காலை ஷிஃப்ட்டுக்குச் சங்கு ஊதுவதற்கு முன்பே குளிர்கிடங்கின் வாசலில் நின்ற வரிசை தெருமுனை வரை போய்விட்டது. சம்பள நாளில் இதே ஆட்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறுவார்கள். இன்றோ வாய்பொத்தாத குறையாக நின்றார்கள். ஆளுக்கொரு கறுப்புத் துணி முடிச்சு கையில் இருந்தது. முடிச்சுக்குள் இஞ்சி இருந்தது. இஞ்சி தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பத்தான் இத்தனை பேரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

சிரிக்காதீர்கள். பக்கத்தில் நின்றால் அடி விழும்.

அந்தக் குளிர்கிடங்கில் வருஷம் முழுவதும் பனிக்காலம்தான். மீனும் பட்டாணியும் வெண்ணெயும் பெட்டி பெட்டியாக உறைந்து கிடக்கும். உள்ளே போகிறவன் கம்பளிக் குல்லாயோடு போவான், வெளியே வரும்போது மூக்கு சிவந்து வருவான். தும்மல் அங்கே தொழில் மொழி. ஒருவன் இரண்டு தும்மல் போட்டால் பக்கத்தில் இருப்பவன் நகர்ந்து இடம் விடுவான்.

அதற்கு அவர்களிடம் ஒரு கைவைத்தியம் இருந்தது. இளைப்பாறும் அறையில் ஒரு பெரிய கெட்டில் எப்போதும் அடுப்பில் கிடக்கும். முறை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு நாள் வீட்டிலிருந்து இஞ்சி கொண்டு வருவார்கள். பழைய கதவுத் தாழ்ப்பாளால் அதை நசுக்கிக் கொதிக்கிற தண்ணீரில் போடுவார்கள். கொஞ்சம் சர்க்கரை சேர்த்து, ஊதி ஊதிக் குடிப்பார்கள். தொண்டைக்கு இதமாக இருக்கும். விரல்கள் கொஞ்சம் மடங்கும். அவ்வளவுதான். அந்த இஞ்சி யாரிடமும் காணிக்கை கேட்டதில்லை.

அந்தக் கெட்டிலைத்தான் முதலில் கவிழ்த்தார் ஐயா.

அவர் எங்கிருந்து வந்தார் என்று யாருக்கும் தெரியாது. மலையிலிருந்து என்று அவரே சொன்னார். எந்த மலை என்று கேட்டவர்களுக்கு மேலே கையைக் காட்டினார். தாடி இருந்தது, தழைந்த வெள்ளை அங்கி இருந்தது, குரலில் ஒரு கரகரப்பு இருந்தது. வேறென்ன வேண்டும்? கிடங்கின் முற்றத்தில் சும்மா கிடந்த பழைய எடைமேடை அறையை நிர்வாகமே துடைத்துக் கொடுத்துவிட்டது. தொழிலாளிக்குக் கையுறை கேட்டால் மூன்று மனு எழுதச் சொல்கிற நிர்வாகம் அது.

ஐயாவின் உபதேசம் எளிமையானது. அவர் சொன்னார்:

"மண்ணை விட்டுப் பிடுங்கின அந்த நொடியே இஞ்சி தூங்கிப் போயிடுது, மக்களே. தூங்கற இஞ்சியை நசுக்கிக் குடிச்சா உங்க உடம்புல இருக்கற சூடும் சேர்ந்து தூங்கிடும். அதனாலதான் உங்களுக்குச் சளி போகவே மாட்டேங்குது. நான் எழுப்பித் தர்றேன். எழுந்த இஞ்சியை நெஞ்சுல கட்டுங்க. குடிக்காதீங்க. அதுவே வேலை பாக்கும்."

எழுப்புகிற முறையும் சொன்னார். வீட்டு இஞ்சியாக இருக்க வேண்டும். வீட்டுப் பெண்மணி தன் கையாலேயே கறுப்புத் துணியில் கெட்டியாக முடிந்து தர வேண்டும். முடிந்த பிறகு யார் கண்ணும் படக் கூடாது. ஐயாவின் கண்ணும்தான். பட்டால் இஞ்சி வெட்கப்பட்டு மறுபடி தூங்கிவிடும். அந்த முடிச்சை அவர் கையில் ஏந்தி, கண்ணை மூடி, இஞ்சியோடு பேசுவார். இஞ்சி அந்த வீட்டுச் சங்கதியெல்லாம் அவரிடம் ஒப்பிக்கும். பிறகு தன்னுடைய தடித்த வெள்ளைப் பைக்குள் முடிச்சை வைத்து, ஒரு செப்புக் கெண்டியிலிருந்து மலைத் தண்ணீர் கொஞ்சம் ஊற்றுவார். பை சுடும். சும்மா வெதுவெதுப்பு அல்ல. தொட்டவன் கையை உதறுகிற சூடு.

"பாத்தீங்களா, முழிச்சுக்கிச்சு!" என்பார் ஐயா. கூட்டம் வாயைப் பிளக்கும்.

மத்தியானத்துக்குள் சூடு போய்விடும். அதற்கும் விளக்கம் இருந்தது. "சூடு போகலப்பா, உள்ள போயிருக்கு." மறுநாள் மறுபடி வர வேண்டும், மறுபடி காணிக்கை வைக்க வேண்டும். உள்ளே போன சூடு போனதுதான், காணிக்கையும் அப்படியே.

இந்தப் பக்தர் கூட்டத்துக்கு முன்வரிசை நாயகர் கிடங்கின் மேஸ்திரி.

மேஸ்திரி மோசமான மனிதர் இல்லை. எச்சரிக்கையான மனிதர் என்றே பெயர். குளிர் அறைக் கதவைச் சாத்துவதற்கு முன் உள்ளே ஆள் இருக்கிறதா என்று இரண்டு முறை குரல் கொடுப்பார். வீட்டுவாசலில் கிடக்கும் தன் பழைய ரப்பர் செருப்பைக்கூட எடுத்து, கவிழ்த்து, ஓர் உதறு உதறாமல் காலில் மாட்ட மாட்டார். எப்போதோ ஒரு பூரான் உள்ளேயிருந்து வந்ததாம். அன்றிலிருந்து அந்தப் பழக்கம். இப்படிப்பட்டவர் ஐயாவை மட்டும் உதறிப் பார்க்கவே இல்லை. பார்த்தார், விழுந்தார்.

அவர் நெஞ்சில் பை கட்டுகிற இடத்தில் ஒரு சிவப்பு வட்டம் விழுந்திருந்தது. எரிந்தது. தண்ணீர் பட்டால் இன்னும் எரிந்தது. கிடங்கில் அநேகமாக எல்லோருக்கும் அப்படி ஒரு வட்டம் இருந்தது. ஐயா அதற்கு "இஞ்சி முத்திரை" என்று பெயர் வைத்துவிட்டதால், எரிச்சல் போய்ப் பெருமை வந்துவிட்டது. சட்டைப் பொத்தானைக் கழற்றி யாருடையது பெரிசு என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். லோடிங் ஆள் ஒருவனுக்குச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கன்றிப் போயிருந்தது. அவனைத் தலைமைச் சீடனாக்கிவிட்டார்கள். அவனால் ராத்திரி குப்புறப் படுக்க முடியவில்லை என்பது வேறு விஷயம்.

கிடங்கின் கணக்கர் பட்டம் வாங்கியவர். அவர் சும்மா நம்பவில்லை, விஞ்ஞானபூர்வமாக நம்பினார்.

"இதுல மூடநம்பிக்கை ஒண்ணும் இல்ல மேஸ்திரி. இஞ்சிக்குள்ள ஒரு அதிர்வு இருக்கு. ஐயா குரல்ல ஒரு அதிர்வு இருக்கு. ரெண்டும் மோதுது. வெளிநாட்டுல இதுக்கு ஆராய்ச்சியே பண்றாங்க."

"எந்த நாட்டுல சார்?"

"எல்லா நாட்டுலயும்" என்றார் கணக்கர்.

மேஸ்திரி இதை வீட்டில் போய் அப்படியே ஒப்பித்தார். அவர் மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள். அவளுக்குக் கடைக்காரன் சொல்கிற எடையிலேயே நம்பிக்கை கிடையாது. பேப்பரில் மழை வரும் என்று போட்டிருந்தால் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் துணியை எடுப்பாள்.

"ஏங்க, ஒரு சந்தேகம். இஞ்சி வைக்காம அந்தப் பையில தண்ணி ஊத்தினா சுடாதா?"

"இஞ்சி இல்லாம எப்படிடீ சுடும்?"

"அதான் கேக்கறேன். ஊத்திப் பாத்தாங்களா?"

பதில் வரவேண்டிய இடத்தில் மேஸ்திரிக்குக் கோபம் வந்தது. "எல்லாத்துலயும் ஒரு நொட்டை சொல்லு! உன்னை மாதிரி ஆளுங்களாலதான் நாட்டுல சளியே போக மாட்டேங்குது" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவள் மீண்டும் பாத்திரத்தைத் தேய்த்தாள். அடுப்பில் அவளுடைய இஞ்சித் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவளுக்கும் அன்று தொண்டை கட்டியிருந்தது. குடித்தாள், இதமாக இருந்தது. இஞ்சி அவளிடம் எந்த ரகசியமும் பேசவில்லை.

இது இப்படியே போயிருந்தால் நானும் வேறு வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் பிரசவத்துக்கு வந்திருந்த மேஸ்திரியின் மகளுடைய கைக்குழந்தைக்குச் சளி பிடித்தது.

முதலில் மூக்கடைப்பு. அடுத்து இருமல். அன்று விடிகிற நேரத்தில் குழந்தை பால் குடிக்க முடியாமல் திணறியது. இரண்டு வாய் உறிஞ்சும், விட்டுவிடும், மூச்சுக்கு ஏங்கும். நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். விலாவுக்குக் கீழே தோல் உள்ளே போய் உள்ளே போய் வந்தது. மகள் அழுது அழுது கண் வீங்கி உட்கார்ந்திருந்தாள்.

"கிளம்புங்க, டாக்டர்கிட்ட போவோம்" என்றாள் மனைவி.

"டாக்டரா? டாக்டர் மருந்து பட்டா அப்புறம் எந்த இஞ்சியும் முழிக்காதுன்னு ஐயா சொல்லியிருக்காரு. முதல்ல ஐயாகிட்டப் போவோம். நேத்தே கேட்டுட்டேன். குழந்தைக்குன்னு தனிக் கட்டு கட்டுவாராம்."

"அந்தக் கொதிக்கற மூட்டையைப் பச்சப்புள்ள நெஞ்சுலயா கட்டப் போறீங்க?"

"கிடங்கே கட்டிக்கிட்டுத் திரியுது, எவன் செத்தான்?"

மனைவி மகளைப் பார்த்தாள். மகள் தலையை நிமிர்த்தவில்லை. "ஒரு தடவை கட்டிப் பாத்துடலாம்மா. அப்பா சொல்றாருல்ல. எனக்குப் பயமா இருக்கு. ஏதாவது ஒண்ணு பண்ணுங்க."

பயந்தவளோடு வாதாட முடியாது. தூக்கமில்லாமல் பயந்தவளோடு பேசவே முடியாது. மனைவி குழந்தையின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். கத்திப் பார்த்தால் மேஸ்திரி இன்னும் முறுக்கிக்கொள்வார், அதற்குள் குழந்தைக்கு நேரம் போய்விடும். அவள் முகத்தில் ஏதோ ஒரு முடிவு வந்தது.

"சரி. ஐயாகிட்டயே போவோம். இப்பவே போவோம். ஆட்டோவைக் கூப்பிடுங்க. வீட்டுப் பொம்பளதானே முடிஞ்சு தரணும்? நானே முடிஞ்சு எடுத்துட்டு வர்றேன்."

மேஸ்திரிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. பரவாயில்லை, இவளுக்கும் புத்தி வந்துவிட்டது என்று மனசுக்குள் ஐயாவுக்கு ஒரு கும்பிடு போட்டார். மனைவி பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏதோ அறுக்கிற சத்தம் கேட்டது. இஞ்சி நார் ஏறியிருக்கும் போல என்று நினைத்துக்கொண்டார்.

ஆட்டோ வந்துவிட்டது. மேஸ்திரி வாசலுக்கு வந்து செருப்பை எடுத்து உதறினார். ஒரு செருப்புதான் இருந்தது. வலது கால். இடதைக் காணோம்.

"தெருநாய் தூக்கிட்டுப் போயிடுச்சு போல! நல்ல செருப்பு!" என்று குறுக்கும் நெடுக்கும் தேடினார்.

"செருப்பா இப்ப முக்கியம்? ஏறுங்க" என்றாள் மனைவி. அவள் கையில் கறுப்பு முடிச்சு தயாராக இருந்தது. இஞ்சி வாசனை கமகமவென்று வந்தது. மேஸ்திரி வெறுங்காலோடு ஏறினார்.

கிடங்கு வாசலில் இறங்கும்போது மனைவி ஆட்டோக்காரரிடம், "அண்ணே, போயிடாதீங்க. இஞ்சினை அணைக்காம இங்கயே நில்லுங்க. இங்கேருந்து ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள். மேஸ்திரிக்கு அது காதில் விழுந்தது. ஆனால் எடைமேடை அறையிலிருந்து வந்த சாம்பிராணிப் புகையும் "ஐயா, ஐயா" என்ற கூச்சலும் அதை அடித்துக்கொண்டு போய்விட்டன.

கைக்குழந்தை என்றதும் வரிசை ஒதுங்கி வழி விட்டது. கணக்கர் தாமே முன்னால் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். ஐயா ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். பெட்டியில் "உறைந்த பட்டாணி" என்று எழுதியிருந்தது. பக்கத்தில் வெள்ளைப் பைகள் அடுக்கப்பட்டிருந்தன.

"குழந்தையைக் கொண்டா தாயே. பயப்படாதே. கட்டினதும் அழும். அழுதா அவிழ்க்கக் கூடாது. அழுகைங்கறது சளி வெளியேறுற சத்தம்."

மகள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். ஐயா கையை நீட்டினார். மனைவி முடிச்சைக் கொடுத்தாள். அவர் அதை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, கண்ணை மூடி, நெற்றிக்கு நேராக உயர்த்தினார். கூட்டம் மூச்சை அடக்கியது. வெளியே ஆட்டோ மட்டும் தடதடவென்று உறுமிக்கொண்டிருந்தது.

"ஆகா" என்றார் ஐயா. "இது சாதாரண இஞ்சி இல்ல. வயசான இஞ்சி. முதிர்ந்த இஞ்சி. எவ்வளவு கனம் பாரு!"

"ஆமாங்க" என்றாள் மனைவி.

"இந்த இஞ்சிக்கு உன் வீட்டுக்காரரை நல்லாத் தெரியும். அவர் போற இடமெல்லாம் கூடவே போயிருக்கு."

"போயிருக்குங்க."

"அவர் பாரத்தையெல்லாம் இத்தனை காலமா இதுதான் தாங்கியிருக்கு."

"நூத்துல ஒரு வார்த்தை சொன்னீங்க" என்றாள் மனைவி. மேஸ்திரி, தன் வீட்டு இஞ்சிக்குத் தன்மேல் இவ்வளவு பாசமா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கணக்கர் அவர் தோளைத் தட்டி, "அதிர்வு, மேஸ்திரி, அதிர்வு" என்று காதோடு சொன்னார்.

ஐயா முடிச்சை வெள்ளைப் பைக்குள் வைத்தார். உதடு முணுமுணுத்தது. கெண்டியிலிருந்து தண்ணீர் விழுந்தது. சற்று நேரத்தில் பையிலிருந்து ஆவி கிளம்பியது.

"முழிச்சுக்கிச்சு! தொட்டுப் பாரு!"

மேஸ்திரி தொட்டார். சுட்டது. "சுடுதும்மா!" என்று மகளைப் பார்த்துச் சிரித்தார். மகள் குழந்தையின் சட்டையைத் தூக்கினாள். அந்தச் சின்ன நெஞ்சு படபடவென்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஐயா பையைக் கயிற்றில் கோத்துக்கொண்டு குனிந்தார்.

மனைவி நடுவில் வந்து நின்றாள்.

"கொஞ்சம் இருங்க. அவிழ்த்து ஒரு தடவை பாத்துடறேன்."

ஐயாவின் கை அப்படியே நின்றது. "கண்ணு படக் கூடாது தாயே. மறுபடி தூங்கிடும்."

"தூங்கட்டும். நான் எழுப்பிக்கறேன். எங்க வீட்ல தினமும் எல்லாரையும் எழுப்பறது நான்தான்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஐயா பையை இழுத்துக்கொள்வதற்குள் அவள் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு உள்ளே விட்டுவிட்டாள். கறுப்பு முடிச்சு வெளியே வந்தது. பல்லால் கடித்து முடிச்சைத் தளர்த்தி, துணியை உதறினாள். உள்ளே இருந்தது பட்டாணிப் பெட்டியின்மேல் விழுந்து ஒரு துள்ளு துள்ளியது. இஞ்சி துள்ளாது. ரப்பர்தான் துள்ளும்.

ஒரு செருப்பின் குதிகால் துண்டு. தேய்ந்த பழைய ரப்பர். ஓரத்தில், வார் அறுந்தபோது அடித்த ஆணி. மேலே கொஞ்சம் இஞ்சிச் சாறு பூசியிருந்தது.

மேஸ்திரியின் வாயிலிருந்து முதலில் வந்தது ஞானம் அல்ல. "என் செருப்பு!" என்றுதான் கத்தினார்.

லோடிங் ஆட்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, வரிசை வழியாகத் தெருமுனைவரை ஓடியது. பின்னால் நின்றவர்களுக்கு என்ன விஷயம் என்று தெரியவில்லை. "என்னவாம்?" "மேஸ்திரி செருப்பு ஐயாகிட்டப் பேசியிருக்கு." "என்ன சொல்லிச்சாம்?" "பாரம் தாங்க முடியலையாம்."

ஐயாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் பழம் தின்று கொட்டை போட்ட ஆள் அல்லவா! உடனே எழுந்து நின்றார்.

"பாத்தீங்களா மக்களே, சோதிக்க வந்திருக்கா! நான் சோதனைக்குப் பயந்தவன் இல்ல. செருப்பா இருந்தாலும் என் கை பட்டா சூடாகும். அதான் சக்தி! செருப்புக்கே உயிர் கொடுத்துட்டேன்!"

"ஆகா!" என்றார் கணக்கர். அவருக்கு அதுவும் பொருந்தி வந்தது. ரப்பரிலும் அதிர்வு உண்டாம்.

சிரித்துக்கொண்டிருந்த கூட்டத்தில் சிலர் மறுபடி கைகூப்பத் தொடங்கினார்கள். மேஸ்திரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் காதில் மனைவி அன்றைக்குப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்ட கேள்வி ஒலித்தது. இஞ்சி இல்லாமல் ஊற்றிப் பார்த்தார்களா? எவ்வளவு சின்னக் கேள்வி! இத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது, அவள் மேல் எரிந்து விழுந்தோம். மகளின் தோளில் குழந்தை விசில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த நெஞ்சிலா இதைக் கட்டப் பார்த்தோம் என்று நினைத்ததும் அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவர் முன்னால் வந்து, அடுக்கிலிருந்து ஒரு காலிப் பையை எடுத்தார்.

"ஐயா, இதுக்குள்ள இஞ்சியும் இல்ல, செருப்பும் இல்ல. உங்க கையும் படல. சரிதானே?"

"அதைத் தொடாதே! பாவம்!"

"எல்லாரும் பாருங்கப்பா" என்று மேஸ்திரி கெண்டியைத் தூக்கிப் பையில் ஊற்றினார்.

ஒருவரும் மந்திரம் சொல்லவில்லை. ஒருவரும் கண்ணை மூடவில்லை. பை பாட்டுக்கு உஸ்ஸென்று இரைந்தது, ஆவி விட்டது, கொதித்தது. மேஸ்திரி அதைத் தரையில் போட்டு, பெட்டி அறுக்கிற கத்தியால் அடித் தையலைக் கிழித்தார். இரண்டு துணிகளுக்கு நடுவிலிருந்து வெள்ளை வெளேரென்று மாவு கொட்டியது, கொட்டின இடத்தில் நுரைத்தது.

தலைமைச் சீடன் குனிந்து பார்த்தான். போன மாதம்தான் அவன் வீட்டுக்கு வெள்ளையடித்திருந்தான்.

"அடப்பாவி, சுண்ணாம்பு! பச்சைத் தண்ணி ஊத்தினா கொதிக்குமே, அந்தச் சுண்ணாம்புடா!"

அறையில் இருந்தவர்களில் வெள்ளையடிக்காத சுவரோடு வாழ்ந்தவர் யாரும் இல்லை. எல்லோரும் வாளியில் சுண்ணாம்பு கொதிப்பதைப் பார்த்தவர்கள்தான். வாளியில் கொதித்தால் சுண்ணாம்பு, பையில் கொதித்தால் அருள் என்று நினைத்துவிட்டார்கள், பாவம். ஒவ்வொருவர் கையும் தானாகச் சட்டைக்குள் போய் நெஞ்சைத் தடவியது. இதுவரை முத்திரையாக இருந்தது அந்த நிமிஷம் முதல் புண்ணாகிவிட்டது, வலிக்கவும் தொடங்கியது. "ஐயோ, எரியுதுடா!" என்று தலைமைச் சீடன் அலறினான்.

"வாங்க" என்றாள் மனைவி. அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. மகள் ஏற்கனவே ஆட்டோவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி வெறுங்காலோடு பின்னால் ஓடினார்.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் முகத்தில் ஒரு சின்ன மூடியை வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். நெஞ்சில் சளி கட்டி மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறது என்றார் டாக்டர். இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். மனைவி நடந்ததைச் சொன்னதும் குழந்தையின் நெஞ்சை உற்றுப் பார்த்துவிட்டு, "நல்ல வேளை, இந்தக் குழந்தைக்கு எதுவும் கட்டல. இப்ப அந்தக் கிடங்கு ஆளுங்க நெஞ்சு வெந்து வந்து நிக்கறாங்க. சளிதான்னு எவனாவது சொல்ல, நீங்களும் கேட்டுட்டு நேரத்தைக் கடத்தினா விபரீதமாயிடும்" என்றார்.

மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் அவருடைய வெறுங்கால்கள்தான் இருந்தன.

மாலையில் குழந்தை பால் குடித்தது. விட்டு விட்டுத்தான் குடித்தது, ஆனால் குடித்தது. மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிப் போனாள். மேஸ்திரி மனைவியின் பக்கத்தில் போய் நின்றார். "செருப்பை அறுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொல்லியிருந்தா கொடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன்" என்றார் மேஸ்திரி. "நீ இல்லேன்னா இன்னிக்கு..." என்று தொடங்கியவருக்கு அழுகை வந்துவிட்டது. அவள் தலைப்பைக் கொடுத்தாள். அதில் இன்னும் இஞ்சி வாசனையும் சுண்ணாம்பும் இருந்ததால் கண் இன்னும் எரிந்து, இன்னும் அழுதார்.

ஐயா என்ன ஆனார் என்றுதானே கேட்கிறீர்கள்? அதை மறுநாள் கிடங்கில் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். அவர்கள் புண்ணைத் தடவிக்கொண்டிருந்த நேரத்தில் ஐயா பின்கதவு வழியாகக் கம்பி நீட்டினாராம். முற்றத்தில் கண்ணுக்குப் பட்ட முதல் கதவைத் திறந்து உள்ளே பாய்ந்து சாத்திக்கொண்டாராம். அது உறைந்த பட்டாணி வைக்கிற அறை. ஆட்கள் தேடிக் கண்டுபிடித்து வெளியே இழுத்தபோது தாடியில் பனி பூத்திருந்தது. பல் தந்தி அடித்தது. மலையில் வளர்ந்த மகான் கால் மணி நேரக் குளிரைத் தாங்கவில்லை.

போலீஸ் வரும்வரை இளைப்பாறும் அறையில் உட்கார வைத்தார்கள். கெட்டில் மறுபடியும் அடுப்பில் ஏறியிருந்தது. ஐயா அதையே பார்த்தாராம்.

"ஏம்ப்பா... சூடா... ஒரு டம்ளர்..."

"இது தூங்கற இஞ்சிங்க ஐயா" என்றான் தலைமைச் சீடன். "பரவாயில்லையா?"

"பரவாயில்லப்பா, குடு" என்று ஐயா இரண்டு கையாலும் வாங்கி ஊதி ஊதிக் குடித்தார். நடுக்கம் கொஞ்சம் அடங்கியது. எந்த மந்திரமும் இல்லாமல், வெந்நீரும் இஞ்சியும் அவருக்கும் தங்கள் வேலையைச் செய்தன. அவை ஆள் பார்ப்பதில்லை.

இத்தோடு ஊர் திருந்திவிட்டது என்று நினைத்தால் நீங்களும் ஒரு பை வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். அடுத்த வாரம் கணக்கர் எடைமேடை அறை வாசலில் நின்று நாலு பேரிடம் பேசிக்கொண்டிருந்தார். "சுண்ணாம்புதான், ஒத்துக்கறேன். ஆனா அந்தச் செருப்பு மேஸ்திரியோட பாரத்தைத் தாங்கினது ஐயாவுக்கு எப்படித் தெரிஞ்சுது? அதை யோசிங்க." நாலு பேரும் யோசித்தார்கள். அதில் ஒருவர் தன் செருப்பைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்தார்.

குழந்தை வீட்டுக்கு வந்த அன்று மேஸ்திரி புதுச் செருப்பு வாங்கினார். வாசலில் வைத்து, வழக்கம்போல எடுத்து, கவிழ்த்து, ஓர் உதறு உதறினார். மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மூச்சு சத்தமில்லாமல் வந்தது.

"இப்பத்தான் கடையிலேருந்து வந்தது. அதுக்குள்ள என்ன உதறல்?"

"பழக்கம். உள்ள பூச்சி கீச்சி இருந்தா?"

"கால்ல போடறதுக்கே இவ்வளவு பாக்கறீங்க" என்றாள் அவள். "இனிமேலாவது தலைக்குள்ள போட்டுக்கறதையும் ஒரு உதறு உதறிப் பாத்துட்டுப் போட்டுக்கங்க."